தொட்டி மீனும் பேணித் தீனியும்

கடந்த சித்திரை மாதத்தில், எமது மகளின் பத்தாவது பிறந்தநாளை முன்னிட்டு, வீட்டிற்கு ஒரு மீன் தொட்டி வாங்கினோம். அறுபது லீற்றர் நீர் கொள்ளும் தொட்டி. அதனுள் பத்து நியோன் மீன்கள், நான்கு கப்பி மீன்கள், அடிமணலைக் கிளறித் திரியும் சிறிய கெளிற்று மீன்கள் மூன்று. ஜேர்மனிக்கு வந்து இத்தனை ஆண்டுகளில் எமது வீட்டிற்குள் உயிருள்ள பிராணியொன்று நுழைந்தது அதுவே முதற் தடவை.

தொட்டி விற்ற கடையின் ஊழியர் மிகவும் பண்பானவர். மீன்களைப் பையிற் கட்டித் தந்தபின், தீனி அடுக்கிருந்த பக்கம் எம்மை அழைத்துச் சென்றார். நியோனுக்கு ஒரு பேணி. கப்பிக்கு வேறொரு பேணி. அடியில் வாழும் மீன்களுக்கு மாத்திரை வடிவில் இன்னொன்று. நிறம் மங்காதிருக்க நான்காவது. வாரமொரு முறை 'உற்சாகம்' ஊட்ட ஐந்தாவது. மகள் எமது கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளையின் முன்னால் ஒரு பேணியைக்கூடத் திருப்பி வைக்க மனம் வரவில்லை. வீட்டிற்கு வந்து சிட்டையைக் கூட்டிப் பார்த்தால், பதினேழு மீன்களின் விலையைவிட ஐந்து பேணிகளின் விலை அதிகமாக இருந்தது. 'இந்த மீன்களுக்கு எங்களைவிட நல்ல சாப்பாடு, தம்பி' என்று அம்மா சொன்னார்.

இரண்டு வாரங்களில் நீர் கலங்கிற்று. ஆறு மீன்கள் இறந்தன. அதே கடையில் முறையிட்டபோது ஆறாவதாக ஒரு போத்தலைத் தந்தார்கள். அதுவும் பயன் தரவில்லை. இறுதியில், எமது மாடிக்குக் கீழே வசிக்கும் முதிய ஜேர்மனியர் ஒருவர், நாற்பது ஆண்டுகளாக மீன் வளர்ப்பவர், வந்து பார்த்தார். ஐந்து பேணிகளையும் மேசையில் வரிசையாக அடுக்கி, மூக்குக் கண்ணாடியை அணிந்து, ஒவ்வொன்றின் பின்புறத்தையும் வாசித்தார். பின்னர் நான்கை ஒதுக்கிவிட்டு ஒன்றை மட்டும் மகளிடம் கொடுத்தார். 'இது போதும். அதுவும் நீங்கள் போடுவதிற் காற்பங்கு' என்றார். மீன்கள் பட்டினியால் இறக்கவில்லை. தின்னாது எஞ்சிய தீனி அழுகி நீரை நஞ்சாக்கியதால் இறந்தன என்று விளக்கினார்.

பேணிகள் நான்கும் எவ்வாறு எமது வீட்டிற்கு வந்தன என்ற கேள்வியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. அதற்கு விடை தேடினால் நூற்றெழுபது ஆண்டு வரலாறு ஒன்று விரிகின்றது.

கண்ணாடித் தொட்டியில் நீர்ச்செடியையும் மீனையும் சேர்த்து வளர்க்கும் முறை பிரித்தானியாவிற் பிறந்தது. 1850 ஆம் ஆண்டில் றொபேட் வாரிங்டன் என்ற இரசாயனவியலாளர், இரண்டு தங்கமீன்கள், ஒரு நீர்ச்செடி, சில நத்தைகள் ஆகியவற்றை ஒரே தொட்டியில் வைத்து, ஒன்றின் கழிவு மற்றொன்றுக்கு உணவாகும் சமநிலையை நிறுவிக் காட்டினார். 1853 இல் இலண்டன் மிருகக்காட்சிச் சாலையில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டில் பிலிப் ஹென்றி கொஸ் எழுதிய நூல் 'அக்குவேரியம்' என்ற சொல்லை வீடுதோறும் கொண்டுசேர்த்தது.

ஜேர்மனியில் இக்கலையைப் பரப்பியவரின் கதை எம்போன்றோருக்கு இன்னும் நெருக்கமானது. எமில் அடொல்ஃப் றொஸ்மெஸ்லர் என்பவர் 1806 இல் லைப்சிக் நகரிற் பிறந்தவர். தாரண்ட் வனவியற் கழகத்தில் விலங்கியல் பேராசிரியராக இருந்தவர். 1848 ஆம் ஆண்டுப் புரட்சியின்போது பிராங்பேர்ட் தேசிய சபைக்குத் தெரிவு செய்யப்பட்டார். புரட்சி நசுக்கப்பட்டபின் தேசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டு, விடுவிக்கப்பட்டும், பேராசிரியப் பதவியை இழந்தார். அதன்பின் அவர் தெரிந்தெடுத்த பணி மக்களுக்கு இயற்கை அறிவைப் புகட்டுவது. 1856 இல் 'கார்ட்டன்லவுபெ' என்ற குடும்பச் சஞ்சிகையில் 'கண்ணாடிக்குள் ஓர் ஏரி' என்ற பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய கட்டுரை ஜேர்மன் குடும்பங்களுக்குள் மீன் தொட்டியைக் கொண்டுவந்தது. மறு ஆண்டில் நன்னீர்த் தொட்டி பற்றி ஒரு நூலும் எழுதினார். பதவி பறிக்கப்பட்ட ஒருவர் ஏழை எளியவருக்கும் எட்டக்கூடிய ஒரு பொழுதுபோக்காக, அறிவின் வாயிலாக, இதனைக் கருதினார் என்பதை நாம் மனத்திற் கொள்ளவேண்டும்.

அக்காலத்தில் தீனி எங்கிருந்து வந்தது? குளத்திலிருந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கம்பில் மெல்லிய துணிவலையைக் கட்டிக்கொண்டு ஊர்க்குளத்திற்குச் சென்று, நீர்த்தெள்ளு எனப்படும் நுண்ணுயிரையும் நுளம்புக் குடம்பிகளையும் அள்ளி வருவார்கள். வீட்டிலே மண் நிரப்பிய பெட்டிகளில் வெண்புழு வளர்ப்பார்கள். எறும்பின் கூட்டுப்புழுக்களைக் காயவைத்து 'எறும்பு முட்டை' என்ற பெயரிற் கடைகளில் விற்றார்கள். அது முட்டையுமன்று, மீனுக்குப் பெரிதாக ஊட்டமளிப்பதுமன்று. பெயரொன்று, பொருளொன்றாக விற்கும் வழக்கம் இத்துறையில் அன்றே தொடங்கிவிட்டது என்று சொல்லலாம். 1888 இல் பேர்லினில் 'திறித்தோன்' என்ற மீன் வளர்ப்போர் சங்கம் உருவாயிற்று. பிற நகரங்களிலும் சங்கங்கள் தோன்றின. வலை வீசும் குளங்களும், தீனி செய்யும் முறைகளும் இச்சங்கங்களில் வாய்மொழியாகப் பரிமாறப்பட்டன. பணம் பெரிதாகக் கைமாறவில்லை.

அமெரிக்காவிலும் இவ்வாறே. மைரன் கோர்டன் என்ற மரபியலாளர் நியூயோர்க்கில் மீன்களின் தோற்புற்று நோய் பற்றி ஆராய்ந்தவர். அவரது ஆய்வுகூடத்தில் தலைமுறை தலைமுறையாக மீன்கள் வளர்ந்தது மாட்டு ஈரலையும் குழந்தைகளுக்கான தானிய மாவையும் உப்பையும் சேர்த்து அவித்த களியில். 'கோர்டன் களி' என்று மீன் வளர்ப்போர் அதனைப் பல ஆண்டுகள் வீட்டிற் செய்து வந்தனர். உலகத்தரமான விஞ்ஞானம் நடைபெற்ற தொட்டிகளுக்கு அடுப்பங்கரைத் தீனியே போதுமாயிருந்தது.

இந்நிலையை மாற்றியவர் உல்றிச் பென்ஷ் என்ற ஜேர்மனியர். 1951 இல் அவர் தொடங்கிய நிறுவனம் 'தெற்றா'. 1955 இல் அவர் 'தெற்றாமின்' என்ற செதில் தீனியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். மீன்மா, தானியம், நொதி, இறால், பாசி, உயிர்ச்சத்து ஆகியவற்றை நீரிற் கரைத்துக் கூழாக்கி, நீராவியாற் சூடாக்கப்பட்ட பெரிய உருளையின்மீது மெல்லிய படலமாகப் பரப்பி, உலர்ந்ததும் சுரண்டி எடுத்தால் காகிதம் போன்ற செதில்கள் கிடைக்கும். அவை நீரின் மேல் மிதந்து, நனைந்து, மெதுவாகத் தாழும். மேல்மட்டத்து மீனும் நடுமட்டத்து மீனும் உண்ணலாம்.

இக்கண்டுபிடிப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. குளம் இல்லாத நகரத்தில், மாடிக் குடியிருப்பில், ஆறு மாதப் பனிக்காலத்தில் மீன் வளர்ப்பதைச் சாத்தியமாக்கியது இதுவே. குளத்து நீரோடு தொட்டிக்குள் நுழைந்த நோய்களும் ஒட்டுண்ணிகளும் இதனாற் குறைந்தன. பின்னர் 1980களின் பிற்பகுதியிலிருந்து, சூட்டினாலும் காற்றினாலும் எளிதில் அழியாத உயிர்ச்சத்து 'சி' வடிவமொன்று மீன்தீனியிற் சேர்க்கப்பட்டமை மற்றொரு மெய்யான முன்னேற்றம். ஆனால் ஒரு பேணியில் இவ்வளவும் அடங்கிய பின்னர் விற்பனையாளருக்கு ஒரு சிக்கல் எழுகின்றது. ஒரு வீட்டிற்கு ஒரு பேணி மாதக் கணக்கில் வரும். இரண்டாவது பேணியை எவ்வாறு விற்பது?

இதற்கான விடையை அட்லாண்டிக்கின் அக்கரையில் ஒருவர் முன்னரே கண்டுபிடித்திருந்தார். ஹறல்ட் வொன் பிறவுண்ஹட் என்ற அமெரிக்கர் 1957 இல் கடைகளில் மீன்தீனியாக விற்கப்பட்ட உப்புநீர் இறாலைக் கண்டார். ஆர்ட்டீமியா என்று விஞ்ஞானிகள் குறிப்பிடும் இந்தச் சிற்றுயிர் உப்பேரிகளிலும் உப்பளங்களிலும் வாழ்வது. தூத்துக்குடி உப்பளங்களிலும் உண்டு. நீர் வற்றும்போது அதன் முட்டைகள் தூசிபோல் உலர்ந்து பல ஆண்டுகள் உறங்கும். உப்புநீர் பட்டதும் ஓரிரு நாளிற் பொரிக்கும். 1930களிலிருந்தே அமெரிக்காவிலும் நோர்வேயிலும் மீன் குஞ்சுகளுக்கு இதனை ஊட்டி வந்தார்கள். வொன் பிறவுண்ஹட் 1960 இல் இதனை 'உடனடி உயிர்' என்ற பெயரில், 49 சதத்திற்கு, தபால்வழி விற்கத் தொடங்கினார். 1962 இல் பெயரைக் 'கடற்குரங்கு' என மாற்றினார். சிறுவர் சித்திரக்கதைப் புத்தகங்களின் பின்னட்டைகளில், முடி தரித்த இளஞ்சிவப்பு நிற மனித உருவங்கள் கோட்டை வாசலிற் குடும்பமாகப் புன்னகைப்பதாக விளம்பரங்கள் வந்தன. காசு அனுப்பிய பிள்ளைக்குக் கிடைத்ததோ அரை அங்குலத்திற்கு மேற்படாத மீன்தீனி.

அந்த வித்தையின் நுணுக்கம் இரண்டு பொட்டலங்களில் இருந்தது. 'நீர் சுத்திகரிப்பான்' என்று எழுதப்பட்ட முதற் பொட்டலத்திலேயே முட்டைகளும் இருந்தன. பிள்ளை அதனை நீரிற் கரைத்து ஒரு நாள் காத்திருப்பான். முட்டைகள் அதற்குள் பொரித்துவிடும். பின்னர் 'முட்டைகள்' என்று எழுதப்பட்ட இரண்டாவது பொட்டலத்தைக் கொட்டுவான். அதில் இருந்த சாயம் நீரைத் துலக்க, உயிர்கள் அக்கணமே தோன்றியதுபோற் கண்ணுக்குப் புலப்படும். இம்முறைக்கு 1972 இல் காப்புரிமையும் கிடைத்தது. அதே மனிதர் 'கண்ணுக்குத் தெரியாத தங்கமீன்' என்றும் ஒன்றை விற்றார். கண்ணாடிக் குடுவை ஒன்று, கைநூல் ஒன்று, மீன்தீனி ஒரு பொட்டலம். மீன் ஒருபோதும் கண்ணுக்குத் தென்படாது என்ற உத்தரவாதமும் உண்டு! இல்லாத மீனுக்குத் தீனி விற்ற இச்செய்தியை வாசித்தபோது நாம் சிரித்தோம். பின்னர் எமது மேசையில் இருந்த ஐந்து பேணிகளையும் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டோம். (இம்மனிதர் வெள்ளை இனவெறிக் குழுக்களோடு தொடர்பு வைத்திருந்ததை 1988 இல் 'வாஷிங்டன் போஸ்ற்' நாளேடு வெளிப்படுத்தியது. பிள்ளைகளின் சில்லறைக் காசு எவ்வெவ்வழியெல்லாம் சென்றதோ. அவர் 2003 இல் மறைந்தார்.)

வொன் பிறவுண்ஹட் ஏமாற்றுக்காரர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அவர் கண்டறிந்த விதியைக் கண்ணியமான நிறுவனங்களும் கைக்கொண்டன. மீன் பேணியைப் பார்ப்பதில்லை. பேணியைப் பார்ப்பவன் மனிதன். ஆகவே மனிதனின் கண்ணுக்குத் தீனி போடவேண்டும். செதில்கள் சிவப்பு, பச்சை, மஞ்சள், கபிலம் எனப் பல நிறங்களிற் கலந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த நிறக்கலவையாற் பெரிதும் மகிழ்வது தொட்டிக்கு வெளியே நிற்பவரே.

வணிகத்தின் பருமனை உணர ஓர் எடுத்துக்காட்டுப் போதும். தெற்றா நிறுவனம் காலப்போக்கில் 'லிஸ்ரறின்' வாய்கொப்பளிப்பான் தயாரித்த வார்னர்-லாம்பேட் என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்திற்குக் கைமாறியது. 2000 ஆம் ஆண்டில் வார்னர்-லாம்பேட்டைப் பைசர் விழுங்கியபோது மீன்தீனியும் பைசரின் வசமாயிற்று. 2002 மார்கழியில் பைசர் அதனை 23 கோடியே 85 இலட்சம் டொலருக்கு விற்றது. 2005 இல் ஸ்பெக்ட்றம் பிறான்ட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் ஏறக்குறைய 55 கோடி டொலர் கொடுத்து வாங்கிற்று. மூன்று ஆண்டு கழியுமுன்னே விலை இரு மடங்கிற்கு மேல். அவ்விடைவெளியில் மீன்களின் வயிறு இரு மடங்காகவில்லை. வாங்கப்பட்டது தொழிற்சாலையும் கூழும் மட்டுமல்ல. ஒரு பெயரும், அப்பெயர்மீது வீடுதோறும் உள்ள நம்பிக்கையும் ஆகும்.

இனி, கணக்கிற்கு வருவோம். செதில் தீனி நிறையால் அறியப்படுவதில்லை, கொள்ளளவால் அறியப்படுகின்றது. பேணியின் முகப்பிற் பெரிதாக 100 மில்லிலீற்றர் என்றிருக்கும். காகிதம்போற் பாரமற்ற செதில்கள் ஆகையால் உள்ளே இருப்பது ஏறத்தாழ 20 கிராம் மட்டுமே. அது சிறிய எழுத்தில் இருக்கும். அத்தகைய பேணியை 4 யூரோவுக்கு வாங்கினால் கிலோ ஒன்று 200 யூரோ ஆகின்றது. எமது தமிழ்க் கடைகளில் உறைநிலையில் வரும் அறக்குளா மீன் கிலோ 20 யூரோவைத் தாண்டினாலே நாம் கடைக்காரரோடு வழக்காடுகின்றோம்.

இத்தீனிகளின் முதுகெலும்பு மீன்மா. உலகின் மீன்மாவிற் கணிசமான பகுதி பெரு நாட்டுக் கரையோரத்திற் பிடிபடும் ஒருவகை நெத்தலியிலிருந்து வருகின்றது. 1970 இல் பெருவில் 1 கோடி 20 இலட்சம் தொன்னுக்கு மேல் பிடிபட்ட இம்மீன், அளவுக்கு மீறிய மீன்பிடியும் 1972 இன் எல்நினோ வெப்ப நீரும் சேர்ந்து தாக்கியதால், 1973 இல் 20 இலட்சம் தொன்னிற்கும் கீழே வீழ்ந்தது. பின்னர் தேறிற்று. அண்மைய ஆண்டுகளில் மீன்மா தொன் ஒன்று பெரும்பாலும் 1500 முதல் 2000 டொலர் வரை விற்கின்றது. அதாவது கிலோ இரண்டு டொலருக்கு உட்பட்டது. கோதுமையும் சோயாவும் அதனினும் மலிவு. உயிர்ச்சத்துகள் விலைகூடியவை என்றாலும் மிகச் சிறிதளவே சேர்க்கப்படுபவை. தயாரிப்பு, பேணி, போக்குவரத்து, கடைவாடகை, வரி என்று எல்லாவற்றையும் நேர்மையாகக் கூட்டிப் பார்த்தாலும், இரண்டிற்கும் இருநூறுக்கும் இடையே ஒரு பெரிய இடைவெளி நிற்கின்றது. அதை நிரப்புவது சொற்கள்.

அச்சொற்கள் யாவும் பொய்யல்ல. 'நிறமூட்டும்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். மீன்கள் தமது சிவப்பு, செம்மஞ்சள் நிறங்களுக்கு வேண்டிய பொருளைத் தாமே ஆக்கமாட்டா, உணவினாலேயே பெறவேண்டும். இறால் ஓட்டிலும் பாசியிலும் உள்ள அஸ்ராசாந்தின் என்ற பொருள் அதற்கு உதவுகின்றது. சுவிற்சர்லாந்தின் ஹொஃப்மன்-லா றொஷ் நிறுவனம் இதனைச் செயற்கையாகத் தயாரித்து, பண்ணைச் சால்மன் மீனின் தசையைச் சிவக்கச் செய்ய விற்றது. ஆகவே கூற்றிற் பொருளுண்டு. ஆனால் சாதாரணச் செதிலிலும் இறாலும் பாசியும் உள்ளன. சற்று அதிகம் சேர்த்ததற்காகத் தனிப்பேணி, தனிவிலை. நியோன் மீனின் ஒளிரும் நீலக்கோடோ தீனியால் வருவதே அன்று. தோலிலுள்ள நுண்பளிங்குகளில் ஒளி தெறிப்பதால் வருவது. எமது நான்காவது பேணியின் முகப்பில் ஒளிர்ந்துகொண்டிருந்தது அந்த நீலக்கோடுதான்.

'இனத்திற்கேற்ற தீனி' என்பதும் அவ்வாறே. பாசியை மேயும் மீனுக்கும் ஊனுண்ணும் மீனுக்கும் தேவை வேறு என்பது உண்மை. ஆபிரிக்காவின் தங்கனீக்கா ஏரியில் பாறைப் பாசி மேயும் சில மீன்களுக்குப் புரதம் மிகுந்த தீனி கொடுத்தால் நோயுறும். ஆனால் நியோனும் கப்பியும் கிடைத்ததை உண்பவை. எமது முதிய அயலவர் நியோன் பேணியையும் கப்பிப் பேணியையும் பின்புறம் திருப்பிப் பக்கத்திற் பக்கம் வைத்துக் காட்டினார். மூலப்பொருள்கள் ஒரே வரிசையில் இருந்தன. வேறுபட்டது முகப்பிலிருந்த படம்.

அப்பின்புறத்தைப் பற்றியும் ஒரு சொல். ஐரோப்பியச் சட்டப்படி, வளர்ப்புப் பிராணிகளின் தீனியில் மூலப்பொருள்களைத் தனித்தனியே பெயர் சொல்லாது, 'மீனும் மீன் துணைப்பொருள்களும்', 'தானியங்கள்' எனத் தொகுதிகளாக எழுதலாம். எந்த மீன், தசையா தலையா குடலா என்று வாங்குபவர் அறியமுடியாது. புரதம், கொழுப்பு, நார், சாம்பல் ஆகியவற்றின் வீதத்தை மட்டும் அறியலாம். 'பிறீமியம்' போன்ற சொற்கள் புகழுரைகளே. நூறு கிராமில் என்ன இருக்கின்றது என்பதைப்பற்றி அவை எதுவும் சொல்வதில்லை.

இவ்வணிகம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு மலேசியாவும் சிங்கப்பூரும் சாட்சி. 1990களின் இறுதியில் மலேசியாவில் அமெரிக்க இன மீன்களைக் கலந்து 'ஃபிளவர்ஹோர்ன்' என்ற புதுமீன் உருவாக்கப்பட்டது. சீனர் 'லோஹான்' என்பர். நெற்றியிற் பந்துபோற் புடைப்பு, விலாவிற் கரும்புள்ளிகள். அப்புள்ளிகளிற் சீன எழுத்தையும் அதிட்ட இலக்கத்தையும் தேடியோர் பலர். புடைப்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவு செல்வம் வரும் என்ற நம்பிக்கை பரவியதும், புடைப்பை வளர்க்கும் தீனி என்று பொட்டலங்கள் கடைகளை நிறைத்தன. புடைப்பைப் பெரிதும் தீர்மானிப்பது மீனின் பரம்பரையும் ஆண்மையும் வயதுமே. 2000களின் தொடக்கத்தில் அம்மோகம் உச்சத்தை எட்டிச் சில ஆண்டுகளிற் சரிந்தது. பின்னர் அம்மீன்கள் சிங்கப்பூரின் நீர்த்தேக்கங்களிற் கைவிடப்பட்டன. செல்வம் வந்தது, பொட்டலம் விற்றவர்களுக்கு.

எமது குடும்பங்களை இது ஏன் தொடுகின்றது என்று வாசகர் வினவலாம். ஊரில் மீனை வாங்கினோம், வெட்டினோம், காயவைத்தோம்; தீனி போட்டு வளர்த்தவர் குறைவு. கிணற்றிலும் தொட்டியிலும் நுளம்புக் குடம்பி தின்ன விடப்பட்ட கப்பிகளுக்கு யாரும் பேணி வாங்கியதில்லை. இங்கே, மொழி முழுமையாக வசப்படாத தாய் தந்தையர், கடையில் ஊழியர் சொல்வதை மறுத்துக் கேட்கத் தயங்குகின்றோம். பிள்ளை மற்றப் பிள்ளைகளைப்போல் ஒன்றை ஆசையோடு கேட்கும்போது, அதில் எமக்கு எதுவும் தெரியாது என்ற கூச்சம் காசை எடுக்க வைக்கின்றது. மலிவான பேணியை எடுத்தால் மீனுக்குக் குறை வைத்தவராகி விடுவோமோ என்ற அச்சமும் உண்டு. அந்த அச்சத்தின்மீதே ஐந்து பேணிகளும் அடுக்கப்பட்டிருந்தன. அதன் விலை ஆறு மீன்களின் உயிராகவும் எமது மகள் ஓரிரவு அழுத கண்ணீராகவும் முடிந்தது.

அயலவர் கற்றுத்தந்த முறையை இங்கே எழுதிவைக்கின்றோம். இரண்டு நிமிடத்தில் மீன்கள் தின்று முடிக்கும் அளவுக்கு மேற் போடலாகாது. எஞ்சியதை எடுத்துவிடவேண்டும். மலிவென்று பெரிய பேணி வாங்குவதும் சிக்கனமன்று; திறந்த பேணியில் காற்றும் ஈரமும் புகுந்து உயிர்ச்சத்து அழியும், கொழுப்புச் சிக்கு நாறும்; ஆகவே இரண்டு மூன்று மாதத்தில் முடியக்கூடிய அளவே நன்று. நல்ல சாதாரணச் செதில் ஒன்றோடு, அவித்து நசுக்கிய பச்சைப் பட்டாணியோ கீரையோ இடையிடையே கொடுக்கலாம். வாரத்தில் ஒரு நாள் எதுவும் போடாதிருந்தால் நலம். இதனைக் கேட்டதும் அம்மா வெள்ளிக்கிழமையைத் தெரிந்தெடுத்தார். எமது வீட்டில் இப்பொழுது அம்மாவோடு பதினொரு மீன்களும் விரதம்.

உயிர்த்தீனி இன்றியமையாதது அல்ல என்றாலும், கொடுத்தால் மீன்கள் துள்ளும். உறைநிலையில் விற்கின்றார்கள். நாம் கடையில் அந்தக் குளிர்ப்பெட்டியைத் திறந்து பார்த்தோம். சிறிய சதுரங்களாக உறையவைத்து, விலை ஒட்டி அடுக்கியிருந்தவை நுளம்புக் குடம்பிகள். ஊரில் சிரட்டையிற் தேங்கிய நீரையும் கவிழ்த்துக் கொட்டுமாறு சுகாதாரப் பரிசோதகர் வீடுவீடாக வந்து எச்சரித்தாரே, அதே குடம்பிகள். 'இதையும் காசுக்கு விற்கிறான்களா?' என்று அம்மா வாய்விட்டே கேட்டார்.

வைகாசியில் பல்கணியில் ஒரு வாளி நீரை வைத்தோம். பத்து நாளிற் கருங்குடம்பிகள் நெளியத் தொடங்கின. நுளம்பாகிப் பறக்குமுன் வடித்தெடுக்கவேண்டும் என்பதால் அம்மா காலையும் மாலையும் தேநீர் வடியோடு வாளியைப் பார்வையிடுகின்றார். பாடசாலையால் வந்ததும் மகள் புத்தகப்பையைக் கழற்றாமலே, 'அப்பம்மா, இண்டைக்கு எத்தினை?' என்று கேட்கிறாள்.